மலிவான நாடு

14.02.1988, ஞாயிறு. ஹோர்சன்ஸ், டென்மார்க்

பூசை முடிந்து வந்து பாங்கொக்குக்குப் போன் எடுத்தேன். டென்மார்க் கூப்பிடும்வரை என்று ஏஜென்சிக்காரன் என் மனைவி செலினையும் பிள்ளையையும் அங்கே கொண்டுபோய் வைத்து எட்டு மாதமாகிறது. அவர்களின் அறைக்குக் கீழே இருக்கிற கடையில்தான் போன். இன்றைக்கும் பாழாய்ப்போன லைன். நான் ஒன்று கேட்க அவள் வேறொன்று சொல்கிறாள். கடைசியில் மகள் வினோதா வாங்கி, "அப்பா, அம்மாவுக்குக் கேக்கேல்லையாம், உரத்துக் கதைக்கட்டாம்" என்றாள். கத்தினேன். என்னோடு வீட்டில் இருக்கும் கோணேஸ் அண்ணை, சண்டையாக்கும் என்று குசினியில் இருந்து எட்டிப் பார்த்தார்.

அனுப்புகிற காசு போதுமோ என்றால் எப்போதும் ஒரே பதில்தான். "காணும். இஞ்ச எல்லாம் மலிவு."

17.02.1988

என்னோடு முதியோர் இல்லத்தில் கூட்டித் துடைக்கிற பென்டெ, தாய்லாந்து போய்வந்த படங்களைக் காட்டினாள். இறால், கடல், வெயிலில் சிவந்துபோன புருசன். அங்கே டொக்டரிடம் போவதுகூடக் கோப்பி குடிக்கிற காசுதானாம். உன் மனைவி ராணி மாதிரி இருப்பாள் என்றாள். பொய் ஏன், சந்தோசமாகத்தான் இருந்தது.

11.03.1988, வெள்ளி



காலையில் செலினின் விசா விசயமாகக் கொப்பன்ஹேகன் கந்தோருக்கு எடுத்தேன். பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு அங்கே போனை எடுத்த மனுசி சொன்னது: "பெஹான்லிங்"கில் இருக்கிறது. அந்தச் சொல் எனக்குத் தெரியும். எங்கள் இல்லத்தில் கிழவர்களுக்கு ஊசி போட்டு மருந்து கட்டுகிற அறைக் கதவில் அதுதான் எழுதியிருக்கிறது. நாளும் பொழுதும் நான் துடைக்கிற கதவு. சிகிச்சை. செலினுக்குச் சிகிச்சையா? எனக்குத் தெரியாதது டென்மார்க் அரசாங்கத்துக்குத் தெரியுமா?

ஞாயிறுவரை பொறுக்க முடியாமல் உடனே எடுத்தேன்.

"உனக்கு என்ன வருத்தம்? மறைக்காதை, கந்தோரில சொல்லிப்போட்டினம்."

அவள் அழுதாள். கார்த்திகையில் இருந்து இரண்டு காதாலும் சீழாம். லைன் இல்லை — காது. இவ்வளவு நாளும் நான் லைனைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"மலிவெண்டு சொன்னியே. டொக்டரிட்டப் போறதுக்கென்ன?"

"டொக்டர் மலிவுதான். போற வழிதான் விலை. விசா முடிஞ்ச ஆக்களைப் பொலிஸ் சும்மா விடுமோ? ஒருக்காப் போகேக்க மறிச்சவன். நீங்கள் அனுப்பின காசை அவனிட்டக் குடுத்திட்டுத் திரும்பி வந்தனான்."

12.03.1988

கோணேஸ் அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார். "டேய் சூசை, அது வருத்தமில்லையடா. பைலைப் பாக்கிறதுக்கும் உவங்களுக்கு அதே சொல்லுத்தான்."

மிச்சத்தைச் சொன்னேன். பிறகு அவர் சிரிக்கவில்லை.

பைலுக்கு வைத்தியம் நடக்கிறது. அவளுக்கு இல்லை. ஆரிட்டப் போய்ச் சொல்ல? ராணி மாதிரி இருக்கிறாளாம், ராணி.

27.03.1988

எங்கள் பாதர் கடிதம் எழுதி, பாங்கொக்கில் ஒரு கன்னியாஸ்திரியைப் பிடித்துத் தந்திருக்கிறார். அவவோடு போனால் பொலிஸ் மறிக்காதாம்.

03.10.1988

வலது காது தேறிவிட்டதாம். இடதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

22.01.1989

கந்தோரில் கிடப்பில் போட்டிருந்த எங்கள் தமிழ் ஆட்களின் விசா பைல்களைத் திரும்பவும் எடுக்கிறார்களாம். நம்பப் பயமாக இருக்கிறது.

07.06.1989

செலினும் பிள்ளையும் இங்கே வந்து ஒரு கிழமை. இன்று செலினைக் காது டொக்டரிடம் கூட்டிப்போனேன். கதவில் அதே சொல். இடது காதை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிந்திவிட்டதாம்.

வெளியே வந்ததும் செலின் பேர்ஸைத் திறந்தாள். "எவ்வளவாம்?"

"ஒண்டுமில்லை. இஞ்ச டொக்டர்மார் காசு எடுக்கிறேல்லை."

"போற வழியில?"

"ஆரும் மறிக்கமாட்டினம்."

பேர்ஸை மூடினாள். "அப்ப இதெல்லோ மலிவான நாடு" என்றாள்.

என்னை மன்னிச்சுக்கொள் என்றேன். அவள் திரும்பவில்லை, தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். பார்த்தால், நான் அவளுக்கு இடப்பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறேன்.

மற்றப் பக்கம் மாறி நடந்தேன்.