நூல் கட்டிய சுவிட்ச்

3.11.1997, திங்கள்

பேட்டை மில்லில் சேர்ந்து ஆறு மாதம். மெஷின் பழுதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் என் வேலை. இன்று 212-ஆம் பழுது: பஞ்சு அடிக்கும் மெஷின், கதவு மூடியிருந்தும் நின்று நின்று போகிறது. கதவைத் திறந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய சுவிட்ச் கெட்டுவிட்டது. மதியத்துக்குள் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் இசக்கியப்பன் 'சரிசெய்தாச்சு' என்று சீட்டு அனுப்பிவிட்டார், நானும் கம்ப்யூட்டரில் 212-ஐ மூடினேன். அவ்வளவு சீக்கிரமா?

4.11

நேரில் போய்ப் பார்த்தேன். சுவிட்சைக் கழிவு நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறார். இனி கதவைத் திறந்தாலும் மெஷின் நிற்காது. அங்கே வேலை செய்யும் தனலட்சுமி, மெஷின் ஓடும்போதே அதற்குள் கைவிட்டுப் பஞ்சை வழித்துக்கொண்டிருந்தாள். இருபது வயது. வந்து 212-ஐத் திரும்பத் திறந்தேன்.

18.11

பதினைந்து நாள் ஆகிவிட்டது. அத்தனை நாள் மூடாத பழுது என்பதால் அறிக்கையில் 212-க்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரே நட்சத்திரம் போட்டுவிட்டது. அறிக்கை மெட்ராஸ் முதலாளிக்குப் போகும். மேனேஜர் தில்லைநாயகம் சார் கூப்பிட்டு, புது சுவிட்ச் வரும்போது வரும், நீ பழுதை மூடு என்றார்.

"மெசினு ஓடுதுல்லா? பொறவு என்ன பழுது?"

"ஓடுதுல்லா சார், அதான் பழுது."

எனக்கு எங்கிருந்து வந்தது இந்த வாய்!

19.11

மேனேஜர் அப்பாவின் சினேகிதர். வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாராம். அவர் வாங்கிக் கொடுத்த வேலை என்று அப்பா முனகினார். வேலைதானே கொடுத்தார் — பொய் எழுதவுமா கொடுத்தார்?

20.11

காலையில் 212 மூடியிருக்கிறது. மூடியவர்: பிருந்தா. நானா? என் பெயரிலேயே மூட என்ன திமிரு இந்த மேனேஜருக்கு. திறந்துவிட்டேன்.

21.11

மூடியிருந்தார். திறந்தேன்.

24.11

அறிக்கையோடு கீழே போய், தனலட்சுமிக்கும் மற்ற நான்கு பெண்களுக்கும் படித்துக் காட்டினேன். நூலையும் காட்டினேன். அந்த சுவிட்ச் எதற்கு என்றே யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. தனலட்சுமி தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சூப்பர்வைசரிடம் போய், "மெயினை அணைச்சாத்தான் கைய விடுவேன்" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

மெஷின் இரண்டு மணி நேரம் நின்றது. நின்றதற்குக் காரணம் ஏற்ற வேண்டுமே? ஏற்றினேன்: சுவிட்சுக்குப் பதில் நூல்.

25.11

என்னை, ஆட்கள் வருகையைப் பதியும் டைம் ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே கம்ப்யூட்டர் கிடையாது. அழக்கூடாது என்றுதான் இருந்தேன். கொஞ்சம் அழுதேன். ஆனால் செய்தது தப்பு என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

2.12

நட்சத்திரத்தைப் பார்த்து மெட்ராஸிலிருந்து போன் வந்ததாம். சுவிட்சும் லாரிப் பார்சலில் வந்துவிட்டது.

மதியம் தனலட்சுமி டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் மெஷின் நின்றுவிடுகிறதாம். அடிக்கடி நின்றால் வேலை என்னத்துக்கு ஆகும் என்று இசக்கியப்பன் திட்டுகிறாராம்.

நின்றால் நிற்கட்டும் என்றேன்.

"நானும் அதாம்க்கா அவருட்ட சொன்னேன்" என்றாள்.