அப்பா எழுதிய எங்கள் அச்சக வரலாறு

ஓல்போர்க், டென்மார்க்

அன்பு மகள் தர்ஷனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பி கபிலனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மெல்பேர்ணில் நீயும் மருமகனும் அப்படியே இருக்க வேண்டுமென்று பிள்ளையாரைக் கேட்டபடி இருக்கிறேன். உடம்புக்குக் குறையில்லை என்றுதான் எழுதினேன், மனதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, கவனி. இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் உன் அப்பா பக்கத்தில் நின்று திருத்துவார், பிறகு போனைப் பறித்துத் தானே சொல்லி முடிப்பார். இந்த விஷயத்தை நான்தான் முடிக்க வேண்டும்.

மாணவர்களின் ஆய்வுகளை அச்சடித்துக் கட்டிக் கொடுத்த சிறிய அச்சகங்களைப் பற்றிப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். உங்கள் அச்சகத்தின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள், பலகையில் ஒட்டுகிறோம் என்றார்கள். ஒரு பக்கம், பிள்ளை. அப்பா மாதக்கணக்காகச் சாப்பாட்டு மேசையை விட்டு எழும்பவில்லை, நாங்கள் சோபாவில் இருந்துதான் சாப்பிட்டோம். தொடக்கமே அவருடைய அப்பப்பாவும் யாழ்ப்பாணத்து அச்சுக்கூடமும். அப்படி ஒன்று இருந்ததாக இவ்வளவு காலத்தில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. கேட்டால், "அச்சுக்கூடத்துக்குப் பக்கத்திலை கடை வைச்சிருந்தவர், அந்த மை மணம்தான் எங்கடை இரத்தத்திலை வந்தது" என்கிறார். பிறகு இவர் டென்மார்க் வருகிறார், குளிரில் நடுங்குகிறார், அச்சகம் வைக்கக் கனவு காண்கிறார், வைக்கிறார். டெனிஷைத் திருத்தித் தரச்சொல்லி என்னிடம் நீட்டினார். திருத்திக்கொண்டே போனேன், கடைசிப் பந்தியில்தான் என்னைக் கண்டேன். "என் மனைவி யோகமலர் தேநீர் தந்து ஊக்கமளித்தார்." இஞ்சரப்பா, இதிலை நான் எங்கை என்று கேட்டேன். "இந்தா இருக்கிறீர்தானே" என்று அந்தத் தேநீரை விரலால் தொட்டுக் காட்டினார். பகிடிக்கு இல்லை மகள், உண்மையாகவே காட்டினார்.

நீ அப்போது சின்னப்பிள்ளை, உனக்கு நினைவிருக்காது. அப்பாவுக்கு மீன் தொழிற்சாலையில் வேலை, நான் பின்னேரங்களில் ஒரு டெனிஷ் கிழவரின் அச்சகத்தைக் கூட்டித் துடைக்கப் போனேன். போன இடத்தில் தாள் அடுக்கப் பழகினேன், வெட்டப் பழகினேன், பைண்டிங்கும் பழகினேன். கிழவர் இனி இயலாது, மூடப்போகிறேன் என்றபோது மெசின்களை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டது நான். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா, "உமக்கென்ன விசரோ, இந்த நாட்டிலை ஆர் எங்களிட்டைப் புத்தகம் அடிக்க வரப்போகினம்?" என்று ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, பிறகுதான் அரைமனதோடு ஒத்துக்கொண்டார். அவர் பயந்ததில் பிழையில்லை, எனக்கும் பயம்தான். ஆனால் அன்றைய பயத்தை இன்றைக்குக் கனவு என்று எழுதுகிறார் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே அச்சகத்துக்குப் போவதை நிறுத்தினேன். கலாநிதிப் பட்ட ஆய்வுகள் வந்து குவிகிற காலம். தம்பி வந்து வழக்கம்போல டெனிஷில், அம்மா உங்கள் கோபம் சரி, ஆனால் வாடிக்கையாளர் என்ன பிழை செய்தார்கள் என்றான். அவர்களுக்கு அப்பா தேநீர் தந்து ஊக்கமளிக்கட்டும் என்று தமிழில் சொல்லி அனுப்பினேன். அப்பா தானே பைண்டிங் செய்ய வெளிக்கிட்டு, பாலம் கட்டுவது பற்றிய ஆய்வை மீன் வளர்ப்பு ஆய்வின் அட்டைக்குள் வைத்து ஒட்டியிருக்கிறார். சேர்ட் முழுக்கப் பசையோடு வீட்டுக்கு வந்தார். நான் இடியப்பத்தையும் சொதியையும் வைத்துவிட்டு எழும்பிப் போனேன்.

கண்காட்சித் திறப்புக்கும் போவதில்லை என்றுதான் இருந்தேன், தம்பி காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். பலகையில் அதே தேநீர். அப்பா கோட் போட்டுக்கொண்டு பேசினார், மை மணத்தையும் சொன்னார், எல்லாரும் கை தட்டினார்கள். அப்போது பின்னால் நின்ற ஒரு பெண், உங்களுக்குப் பைண்டிங் சொல்லித் தந்தது யார் என்று கேட்டாள். சும்மா கேட்ட கேள்விதான். அப்பா, அச்சகத்தில் டெனிஷ் வாயில் வராமல் முட்டுப்படும்போது பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். இத்தனை பேருக்கு முன்னால் அவரை அப்படி நிற்க விடவும் முடியவில்லை, எனக்குக் கோபமும் ஆறவில்லை. எழும்பினேன். நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். எங்களுக்கு வந்த முதல் ஆய்வின் பாதியை அப்பா தலைகீழாக அடித்ததையும், நான் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் அந்த மாணவியிடம் காட்டி மன்னிப்புக் கேட்டதையும், திரும்ப அடித்துக் கட்டிக் கொடுத்ததையும், அவள் தன் வகுப்பையே எங்களிடம் கூட்டி வந்ததையும் சொன்னேன். சனம் சிரித்தது. உன் அப்பாவும் முதல்முறை கேட்கிறவர்போல எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், அடுத்த நாள் காலையிலேயே மேசையில் இருந்து புதிதாக எழுதுகிறார். எடுத்துப் பார்த்தால் நான் பனிப்புயலுக்குள் சைக்கிள் மிதித்து ஆய்வைக் கொண்டுபோகிறேன். அது ஆனி மாதம், நான் போனது பஸ்ஸில், சைக்கிள் எனக்கு ஓடவே தெரியாது என்றேன். "வாசிக்கிறவைக்கு ஒரு உணர்ச்சி வரவேணுமல்லோ" என்றார். இந்த மனிதரோடு நான் என்ன செய்ய, நீயே சொல்லு. பேனையை வாங்கி வெட்டினேன். வெட்டிக்கொண்டிருக்க, "யோகம், அப்ப உமக்கு ஏன் அந்த மெசினுகளை வாங்கவேணும் எண்டு தோன்றினது?" என்று கேட்டார்.

கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அதை அவர் கேட்டதே இல்லை. அந்தக் கிழவருக்கு மெசின் சத்தத்தால் காது மந்தம், ஆர் வந்தாலும் என்ன, என்ன என்று திருப்பிக் கேட்பார், டெனிஷ்காரரையும் அப்படித்தான் கேட்பார் என்றேன். வெளியில் நான் டெனிஷில் வாய் திறந்தால் முகத்தைச் சுழிக்கிறார்கள், அங்கே மட்டும் நானும் மற்றவர்களும் ஒன்று, அந்த இடமும் மூடினால் நான் எங்கே போய்க் கதைக்கிறது என்று பயந்துதான் கேட்டேன் என்றேன். அப்பா ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அதைத் தன் டெனிஷில் எழுதி, பிழை இருந்தால் பாரும் என்று நீட்டினார். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. நான் திருத்தவில்லை, பழைய பக்கத்துக்குப் பதிலாக இப்போது நூலகப் பலகையில் அப்படியே இருக்கிறது.

இருவரும் நோய்நொடியில்லாமல் ஒற்றுமையாக நெடுங்காலம் வாழ வேண்டும், என் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு. அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாய், தலை ஈரத்தோடு வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மறக்காமல் போன் எடு, அவர் சைக்கிள் கதை சொன்னால் நம்பாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
இ. யோகமலர்