பிளெக்ஸில் ஏறாத வரி

மாப்ளே,

கடையில் பிளெக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த மை வாசனைக்கு உனக்குத் தலை வலிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மெஷினைத் திட்டுவாய். இன்று ஓடுவது உன் படம். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.

போடியில் பாதி எழவுக்கு வாசகம் அடித்தது நாம்தான். "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று நான் தட்டும்போதெல்லாம் சிரிப்பாய். "ஈடு செய்ய முடிஞ்ச எழவு இந்த ஊர்ல ஒண்ணாச்சும் விழுந்திருக்கா மாப்ளே?" முதலில் அதை எழுதியவன் அழுதுதான் எழுதியிருப்பான். நம்மைப் போன்ற ஆட்கள் அடித்து அடித்தே அதைக் கொன்றோம்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் டிரைவர் இறந்தபோது அவர் மனைவி வந்தார். என்ன போட என்று கேட்டாய். "மலையெறங்கி வர்றப்ப கடேசி வளைவுல ஹாரன் அடிப்பாரு. அதைக் கேட்டுத்தான் நான் உலை வைப்பேன்" என்றார். அதையே போட்டாய். பஸ் ஸ்டாண்டில் சனம் நின்று படித்தது. உனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் பிடித்தது சனி. எந்த டிரைவர் செத்தாலும் அந்த ஹாரன் வரிதான் வேண்டும் என்றார்கள். கடைசியில் பலசரக்குக் கடைக்காரர் மகனும் வந்து கேட்டான்.

"உங்கப்பாவுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதேப்பா!" என்றாய்.

"இருக்கட்டும்ணே, நல்லாருக்குல்ல. வெரசாப் போடுங்க."

போட்டுக் கொடுத்தாய். அந்தப் பேனருக்குக் கீழேதான் ஒருநாள் டிரைவர் மனைவி பஸ்சுக்கு நின்றார். நிமிர்ந்து படித்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. "அந்தம்மாகிட்ட இருந்ததே அது ஒண்ணுதான். அதையும் ஊருக்கு வித்துட்டோம் மாப்ளே" என்றாய். அன்று மதியம் நீ சாப்பிடவில்லை.

எனக்கும் அன்றிலிருந்து இந்த வாசகத் தொழில் அலுத்துவிட்டது. இன்று காலையில் உன் வீட்டுக்காரி உன் படத்தோடு வந்தது. என்ன போட என்று கேட்டேன். உன்னைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னது. அடேயப்பா, நீயே வந்து எதிரில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"இதைப் போடுவமாண்ணே?"

அடிக்கப் போன கையை எடுத்துவிட்டேன். "வேணாம் தங்கச்சி. எல்லாருக்கும் போடுறதையே போட்டுர்றேன்."

உன் படத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தது. "சரிண்ணே. பாத்தா சிரிப்பாரு" என்று சொல்லிவிட்டு அழுதது.

நாளைக்கு பஸ் ஸ்டாண்டில் கட்டுவார்கள். யாரும் நின்று படிக்கமாட்டார்கள், படிக்கவும் வேண்டாம். தங்கச்சி சொன்னதை இந்த மடலில்கூட நான் எழுதவில்லை, பார். வாய்விட்டுச் சொல்லாமலே வைத்திருக்கிறேன். இதை ஊருக்கு விற்க மாட்டேன், மாப்ளே.