விரலுக்குத் தெரிந்த நண்டு

என் அன்பு ரோசலின் அண்ணிக்கு,

நீங்கள் போய் இரண்டு கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. அண்ணன் நன்றாக இருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போய் நண்டு வாங்கி வருவதை மட்டும் விடவில்லை.

சர்க்கரை நோய் உங்கள் பார்வையைப் பறித்த வருடம் நினைவிருக்கிறதா? ஆபரேஷனும் பலிக்கவில்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த நீங்கள், முன்னறை நாற்காலியில் பேச்சே இல்லாமல் உட்கார்ந்துவிட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டுத் தடுமாறிச் சமையலறைக்கு வந்தீர்கள். நான் கழுவி வைத்திருந்த நண்டு ஒன்றை எடுத்துத் திருப்பினீர்கள்.

"பிலோ, இது பொட்ட நண்டு."

"எப்படி அண்ணி தெரியுது?"

"வயிறு அடியில மடிஞ்சிருக்கு பாரு. ஆணுக்குக் குறுகலா இருக்கும். இது அகலம். முட்டையைத் தாங்கணுமில்ல?"

எத்தனை வாரம் கழித்து அந்தப் பேச்சு! மறுநாள் காலை புடவை கட்டி நின்றீர்கள். "என்னைக் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போ." நான் அங்கேதான் ஆய்வக உதவியாளர். பஸ்ஸில் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த உங்கள் கை சில்லென்று இருந்தது. பயந்தீர்களா அண்ணி?

கல்லூரி முதல்வர் கெட்டவர் இல்லை. வேதியியல்காரர், மைசூர் பக்கம். "வகுப்பு சரி மேடம், பிராக்டிகல் எப்படி எடுப்பீங்க? ஓய்வு வாங்கிக்குங்களேன்" என்றார். பேசியதெல்லாம் கன்னடத்தில், எனக்கு என்னவோ தமிழில்தான் நினைவிருக்கிறது. "ஒருமுறை லேபுக்கு வாங்க சார்" என்றீர்கள், அவ்வளவுதான்.

அவர் வந்து நின்றதும், லேபில் உலர்த்தி வைத்திருந்த உயிரினங்களை ஒவ்வொன்றாக உங்கள் கையில் வைத்தேன். "ஒரு கணுவுக்கு ஒரு ஜோடி கால், பூரான். ரெண்டு ஜோடி இருந்தா மரவட்டை." நட்சத்திர மீனின் முதுகில் இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு சொரசொரப்பான பொத்தானைத் தடவினீர்கள். "இந்தச் சல்லடை வழியா கடல் தண்ணி உள்ள போகும். அந்தத் தண்ணியோட அழுத்தத்துலதான் அடியில இருக்கற குட்டிக் கால்களெல்லாம் நடக்கும்." முள் உதிர்ந்த கடல் முள்ளெலியின் ஓட்டை எடுத்ததும் சிரித்தேவிட்டீர்கள். "நட்சத்திர மீனோட அஞ்சு கையையும் மேல மடிச்சு முனையைச் சேத்துத் தைச்சா இதுதான் சார். ரெண்டும் முட்தோலிக் குடும்பம்."

முதல்வர் தன் அறைக்குப் போய் ஒரு மரத்துண்டோடு திரும்பினார். கடற்கரையில் பொறுக்கியதாம். அதன்மேல் சுண்ணாம்புக் கொப்புளங்கள்போல ஏதோ ஒட்டியிருந்தன. நம் லேபில் இல்லாத பொருள். நீங்கள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கொப்புளத்தின் சுவரையும் நகத்தால் சுற்றி வந்தீர்கள்.

"சிப்பிதானே மேடம்?"

"இல்ல சார். கொட்டலசு. சுவர் பல தகடா இருக்கு பாருங்க. இது இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம்."

"ஹௌதா, அப்படியா? ஓடு இருக்கே!"

"வெளியில ஓட்டைப் பார்த்து ஏமாந்துடக் கூடாது. குஞ்சா நீந்தறப்போ இறால் குஞ்சு மாதிரியே இருக்கும். அப்புறம் தலையை மரத்துல ஒட்டிக்கிட்டு, காலால தண்ணியைத் துழாவிச் சாப்பிடும். உள்ள கணு கணுவா கால் இருக்கு சார். கணுக்காலிதான்."

அவர் அந்தத் துண்டை வாங்கி வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். "சரி மேடம், பிராக்டிகலும் நீவே மாடி" என்றார். நீங்களே நடத்துங்கள் என்று அவர் சொன்னதும் பக்கத்து அறை வாசலில் நின்ற மாணவிகள் கை தட்டியது உங்களுக்குக் கேட்டிருக்கும்.

கடைசியாக மருத்துவமனைக்குப் போன நாள் வரை நீங்கள்தான் நடத்தினீர்கள். உங்கள் வகுப்பில் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுத்தான் படித்தார்கள். உங்களைப்போல ஒருவரை நான் இனிப் பார்ப்பேனா?

ஒரு சேதி. பார்வையில்லாத பள்ளிப் பிள்ளைகள் அடுத்த மாதம் நம் கல்லூரி விலங்கியல் அருங்காட்சியகத்துக்கு வருகிறார்கள். 'தொடாதீர்கள்' பலகையை நேற்றே கழற்றிவிட்டேன். அண்ணி, நான் இங்கே வேலையில் இருக்கும்வரை, வருகிற ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் நட்சத்திர மீனை வைப்பேன். உடைந்தால் உடையட்டும். கடலில் இன்னும் இருக்கிறது.

என்றும் உங்கள் நாத்தனார்,
பிலோமினா
காக்ஸ் டவுன், பெங்களூர்