காரை இடித்த தம்பியின் பெயர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

ஹோம்புஷ் கடைத்தெருவில் மகள் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குள் போனாள். நான் காருக்குள் இருந்தேன். பின்னோக்கி வந்த வெள்ளைக் கார் ஒன்று எங்கள் கதவை நசுக்கியது. இறங்கி வந்தவன் எங்கள் தமிழ்ப் பொடியன், முப்பது வயதிருக்கும்.

"அங்கிள், குறை நினையாதேங்கோ. என்னட்ட இன்சூரன்ஸ் இல்லை."

"தம்பி எந்த ஊர்?" என்றேன்.

எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைச் செல்லையரின் கடைசி மகளுடைய மூத்தவனாம். செல்லையரின் இரண்டு கலியாணமும் எனக்கு நினைவிருக்கிறது. அவனுக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது. நான் மற்றதைச் சொல்லி முடித்ததும், வேலைக்கு நேரமாகிறதென்று போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் போன் எடுத்து விசாரித்தாள். இன்சூரன்ஸ் இல்லாதவன் இடித்தாலும் மகளின் இன்சூரன்ஸ் கதவைத் திருத்தித் தருமாம். ஆனால் இடித்தவன் யாரென்று நாங்கள் சொல்ல வேண்டுமாம். பிறகு கம்பனி அவனிடம் காசு கேட்குமாம்.

"அப்பா, அவன்ரை பெயர் என்ன?"

"செல்லையற்ரை பேரன்."

"அவன்ரை பெயர்!"

"தம்பி எண்டுதான் கூப்பிட்டனான்."

"கார் நம்பராவது?"

தமிழையே தட்டுத்தடுமாறி எழுதுகிறவன் நான். இங்கிலீஷ் எழுத்தை எங்கே பார்ப்பது? "வெள்ளைக் கார்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் சமைக்கப் போய்விட்டாள். குசினியில் பாத்திரங்கள்தான் பேசின.

ஒன்றை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. விலாசம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். கட்டாயம் வாறன் என்றான். வந்தால் பெயரைக் கேட்டுவிடலாம். சோறு போடுவதற்கு முன் கேட்பதா, பின் கேட்பதா என்றுதான் தெரியவில்லை. செல்லையரின் பேரன் நண்டு தின்பானோ என்றும் கேட்காமல் விட்டுவிட்டேன்.