டுவெய்னின் மீசை

அன்புத் தங்கை அல்தாகிராசியா,

முழங்கால் வலி தேவலையா? அயோவாவின் கறித் தொழிற்சாலையே என்னை நம்பித்தான் நடக்கிறது, நான் நலம்.

நேற்று உன் மகன் ரேனெலின் பேஸ்பால் ஆட்டம். நான் அவன் தாய்மாமன் என்று அறியாத பக்கத்து இருக்கை டுவெய்ன் சொன்னார்: "இந்த ரேனெல், பந்து நேரா வந்தா பிச்சு உதறுவான்யா. வளைஞ்சு வந்தா கொசு அடிப்பான். இன்னிக்கும் கோட்டை விட்டா டீம விட்டுத் தூக்கிருவாங்க."

"வளையறத அடிச்சுட்டா?"

"மீசைய எடுத்துடறேன்."

கடைசி வாய்ப்பில், அதிர்ஷ்டத்துக்காக அரங்கமே தொப்பியை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டது. பந்து வளைந்தே வந்தது. ரேனெல் அடித்த அடியில் நிலா ஒரு முழம் நகர்ந்தது. அணியில் நிலைத்துவிட்டான்.

உறவைச் சொன்னேன். "யோவ், பாதி மீசை போதுமா?" என்றார் டுவெய்ன்.

அப்பாவின் சவரக்கத்தியை அனுப்பு. கூடவே உன் மிளகாய் சாஸும். ரேனெல் அணியோடு வெளியூர் போய்விட்டான். தனியாகச் சோறு இறங்கவில்லை.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

அண்ணன் எலிகியோ