நான்காவது வடிகுழாய்

என் கோபக்காரருக்கு,

படகை விற்றுவிடும்படி உங்கள் தம்பியிடம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். போகட்டும்.

வாங்குபவர் நடுக்கடலில் மூழ்கினால் அது நம் தலையில்தான் விடியும் என்று மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். உள்ளே சேரும் தண்ணீர் வெளியேற நீங்கள் பொருத்திய பிளாஸ்டிக் வடிகுழாய்கள் நான்கும் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. "இதை நம்பியா தண்ணில இறங்கினீங்க? ஒண்ணு உடைஞ்சாலும் படகு அடியில போயிடும் தங்கச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றைப் பித்தளையில் மாற்றினோம். வழக்கம்போல நான் உள்ளே உட்கார்ந்து நட்டைப் பிடித்துக்கொண்டேன். "நேராப் பிடிடி!" என்று கத்த ஆளில்லை. வேலை சப்பென்று முடிந்தது.

நான்காவதைச் சுற்றி நீங்கள் பூசிய பசை இறுகியிருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறீர்கள், ரேகைகூட அழியவில்லை. அண்ணன் அதில் உளியை வைத்தார்.

"அது இருக்கட்டும்ண்ணா."

"அப்புறம் எப்படிம்மா விப்பே?"

வாங்க வந்தவரிடமும் சொல்லிவிட்டேன், அதை வைத்தவர்தான் கழற்ற வேண்டும், அதுவரை படகு கரையைவிட்டு நகராது என்று. மனிதர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

புதுக் குழாய் அலமாரியில், உங்கள் சட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. நட்டை நான் பிடிக்கிறேன். நீங்கள் எவ்வளவு கத்தினாலும் இந்த முறை கோணலாகத்தான் பிடிப்பேன். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே.

இப்படிக்கு,
படகுக்குள் உட்கார்ந்திருப்பவள்